சேற்று மரத்துக்குப் பழைய ரம்பம்

மச்சான்,

இன்று காலை வெள்ளத்தில் ஒதுங்கிய புளியமரம் ஒன்று நம் அறுவைக் குழிக்கு வந்திறங்கியது. ஈரப்பட்டையும் சேறும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீயும் கூடவே வந்துவிட்டாய். போன இடத்திலாவது சும்மா படுத்திருக்கக் கூடாதா?

ஒரே ரம்பத்தின் இரண்டு பிடியாக இருந்தோம். மேலே நின்று நீ கோடு பார்த்து இழுப்பாய். குழிக்குள் நின்று நான் தூள் தின்பேன். உன் தங்கச்சியைக் கட்டியதற்குக் கிடைத்த சீர் இதுதான் என்று பரமத்தி வேலூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய்.

நம்மிடம் ரம்பம் இரண்டு. புதியது பொடிப் பல், நல்ல கூர். சுத்தமான மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பழையது அகலப் பல். முனையைக் கொஞ்சம் மொண்ணையாகவே அராவி வைத்திருப்பாய். அதைத் தொடவே எனக்குப் பிடிக்காது.

மேட்டூரில் அணை வருவதற்கு முந்தைய ஆடி அது. காவிரி ஊருக்குள் ஏறி இறங்கியபோது, ஒரு புளியமரத்தைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் குறுக்கே சாத்திவிட்டுப் போயிருந்தது. உள்ளே சாமான் போடும் அட்டாலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள் உன் தங்கச்சி. மண்சுவர் ஊறிப்போய் அந்த மரத்தின் மேல்தான் சாய்ந்து நின்றது. மரத்தை இழுத்தால் சுவரும் கூடவே வரும். கோடாலி போட்டால் அதிர்ச்சி தாங்காது. கூரைமேல் ஏறவும் வழியில்லை. வாசலை அடைத்த துண்டை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டும்.

நான் ஓடிப்போய்ப் புது ரம்பத்தைத் தூக்கினேன்.

"மாப்ளே, அதைக் கீழ வைங்க," என்றாய். உயிர் போகிற நேரத்திலும் உனக்கு அந்த 'ங்க' போகாது. "பட்டைக்குள்ள பூரா மணலுங்க. பொடிப் பல்லு நாலு இழுப்புல மொட்டையாயிரும். பாதியில நின்னு போச்சுன்னா புள்ளைய என்ன பண்றது?"

பிறகு குடத்தில் தண்ணீர் கேட்டாய். அறுக்க வேண்டிய இடத்தைச் சுற்றிலும் ஊற்றி, விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாய்.

"ஏனுங்க, உள்ள கூடப்பொறந்தவ கெடக்கறா, நீங்க மரத்தக் குளிப்பாட்டறீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாச்சியால் அதிராமல் பட்டையைச் சீவி எறிந்து, மறுபடியும் ஒரு குடம் ஊற்றினாய். அப்புறம்தான் பழைய ரம்பத்தை வைத்தாய்.

வைரம் பாய்ந்த புளி. ரம்பம் முனகியது, ஆனால் ஒரு இழுப்புக்கும் நிற்கவில்லை. துண்டு விழுந்தது, சுவர் நின்றது. அவள் குனிந்து வெளியே வந்த பிறகு நீ சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாய். அதுவரை அந்தப் பயத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாய், மச்சான்? உன்னைப்போல ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை.

இன்று, உன் இடத்தில் மேல்பிடி பிடிக்கிறவர் புது ரம்பத்தோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பார்த்தால், இடுப்பில் குடத்தோடு உன் தங்கச்சி மரத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கெதுக்கு சாமி இந்த வேலை?" என்றேன்.

"அன்னிக்கு வெளிய ஆளாளுக்குக் கத்துனாங்க. எனக்கு உசுரே இல்லீங்க. அப்பறம் மரத்து மேல தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுது. அண்ணன் வந்துட்டாரு, இனிப் பொழச்சுக்குவேன்னு அப்பத்தான் நெனச்சேன்."

இத்தனை காலமும் என்னிடம் சொல்லாததை இன்று சொன்னாள். புது ரம்பத்தை அவரிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன். அடுத்த குடம் நான் மொண்டு வந்தேன், மச்சான்.