செலினுக்கு வந்தது காய்ச்சல் இல்லை

சேசு மரி சூசை

மூவார்,
14.9.1936

என் அன்பு மகள் கத்தரினுக்கு உன் அப்பா மரியநாதன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு இருக்கிறோம். அங்கே தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளை மைக்கலும் பேரன் ஜெரோமும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் சொல்லிக்கொள்கிறோம். இங்கே பத்து நாளாக விடாத மழை, ஆற்றுத் தண்ணீர் பின்பக்கக் கோழிக்கூண்டுவரை வந்து வடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறையவில்லை, ஆனாலும் ஞாயிறு பூசைக்கு நடந்துதான் போவேன், வண்டியில் ஏற மாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் இந்தக் கடிதத்தில் வரும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாப்பிள்ளை மோட்டார் வண்டி வாங்கியிருப்பதையும், ஜெரோம் முன் ஆசனத்தில் உன் மடியில் நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்துக் கைதட்டுவதையும் சந்தோஷமாக எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அதைப் பாதிவரை வாசித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கே தபாலாபீஸுக்குப் போய், பிள்ளையை வண்டியில் ஏற்ற வேண்டாம், காரணம் பிறகு எழுதுகிறேன் என்று ஒரு வரி மட்டும் கார்டில் எழுதிப் போட்டேன். மாப்பிள்ளைக்கு அது மனவருத்தமாக இருந்திருக்கும். இருபது வருஷமாக மோட்டார் ஓட்டிப் பிழைக்கிற மாமனார் மோட்டாருக்கு ஏன் பயப்படுகிறார் என்று உன்னைக் கேட்டிருப்பார், உனக்கும் பதில் தெரிந்திருக்காது. நான்தான் உன்னிடம் மறைத்தேன். கத்தரின், உன் அண்ணன் பெர்னார்டின் மகள் செலின் மே மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது பொய். அவளுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. நான் ஓட்டிய வண்டியில் அடிபட்டு இறந்தாள். நீ கைப்பிள்ளைக்காரி, கேட்டால் பால் வற்றிப்போகும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு காரணம் சொல்லி வாயை அடைத்தேன். உண்மை என்னவென்றால் என் கையால் அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அம்மாதான் நேற்று, நீங்க எழுதலைன்னா நான் யாரையாவது வச்சு எழுதிப் போடுவேன் என்று சொல்லிவிட்டாள்.

மே பதினாறாம் தேதி சனிக்கிழமை, பத்து பகாட் ஊரில் உன் அண்ணி இன்பராணியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். என் முதலாளி சாதிக் பாட்சா, பஸ்ஸில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் அலைகிறீர்கள், கடை வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவராகவே சாவியைக் கொடுத்தார். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பின்னால் அம்மாவும் இன்பராணியும், முன்னால் நானும் பெர்னார்டும், எங்கள் நடுவில் ஆசனத்தின்மேல் செலின் நின்றுகொண்டிருந்தாள். பெர்னார்ட் ஒரு கையை அவள் இடுப்பில் போட்டிருந்தான். அவளை அப்படி நிற்கவைத்துப் பழக்கியதும் நான்தான். கடைக்குச் சாமான் ஏற்றப் போகும்போதெல்லாம் பாசார்ச் சந்தைவரை அவளை என் பக்கத்தில் நிற்கவைத்துக் கூட்டிப்போவேன், ஊரில் எல்லோரும் பார்ப்பார்கள், எனக்கு அது ஒரு பெருமை. புறப்படும்போதே இன்பராணி சொன்னாள். "மாமா, பிள்ளைய இங்க பின்னால குடுங்க." நான் கேட்கவில்லை. "நான் ஓட்டுற வண்டியில என்னம்மா பயம்" என்று சிரித்தேன். இதை நான் அவளுக்குச் சொன்ன பதிலாக அப்படியே எழுதுகிறேன், கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை.

பாரிட் ஜாவாவைத் தாண்டி ஒன்றரை மைல் போயிருப்போம். தென்னந்தோப்புப் பக்கத்திலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓர் எருமை ரோட்டுக்கு வந்தது. வேகம் மணிக்கு இருபது மைல்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தேன், வண்டி நின்றது, எருமைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. நன்றாக நிறுத்திவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குள் சந்தோஷம்கூட வந்தது. திரும்பினால் பெர்னார்டின் கையில் பிள்ளை இல்லை. கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மரப்பலகையில் தலை மோதி எங்கள் காலடியில் கிடந்தாள். உடனே வீறிட்டு அழுதாள். இரத்தம் இல்லை, காதுக்கு மேலே ஒரு வீக்கம் மட்டும்தான். பக்கத்து மலாய்க் கம்பத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்து கிணற்றுத் தண்ணீரில் துணி நனைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, பிஸ்கோத்து கேட்டாள், தின்றாள். இன்பராணி மூவார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிடலாம் என்றாள். பெர்னார்ட் என் முகத்தைப் பார்த்தான். அழுகை நின்றுவிட்டதே, சின்ன வீக்கத்துக்குப் போய் தாலி கட்டுகிற நேரத்தை விடுவதா என்று நான் வண்டியை எடுத்தேன். பத்து பகாட் படகுத்துறையில் காத்திருக்கும்போது வாந்தி எடுத்தாள். வண்டி ஆட்டம் என்றோம். கல்யாண வீட்டில் போய்ச் சேர்ந்ததும் தூங்கிவிட்டாள், அலைச்சல், தூங்கட்டும் என்று அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். மூன்று மணிக்கு இன்பராணி எழுப்பப் போனாள், பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையைத் தூக்கி விளக்குப் பிடித்துப் பார்த்தார். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, அடிபட்ட உடனே கொண்டுவந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். ஐந்து மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. போகும்போது நின்றுகொண்டு போன பிள்ளையைத் திரும்பும்போது அவள் அம்மா மடியில் படுக்கவைத்துக்கொண்டு வந்தோம், வேறு ஆள் ஓட்டினார்.

போலீஸில் விசாரித்தார்கள், யார்மேலும் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். சாதிக் பாட்சா அடக்கத்துக்கு வந்து கோவிலுக்கு வெளியே கடைசிவரை நின்றார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்பராணியும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். சோறு போடுவாள், என் துணியும் துவைத்து மடித்து வைத்திருக்கும், பேச்சு மட்டும் கிடையாது. பெர்னார்ட் வேறு மாதிரி ஆகிவிட்டான். மரம் அறுக்கிற ஆலையில் மூன்று ஆள் வேலையை ஒருவனாகச் செய்கிற உன் அண்ணன், சாப்பிட உட்கார்ந்தால் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் என்னிடம், "கொஞ்சம் அழுத்திப் பிடிச்சிருந்தா போதும்பா, நான் எருமையப் பாத்துட்டேன்" என்றான். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அழுத்திப் பிடித்திருந்தால் நின்றிருக்குமா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடை சாத்தியிருந்த நேரத்தில் முதலாளியிடம் போய் வண்டியைக் கேட்டேன், எதற்கென்றும் சொன்னேன். "அதத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க மரியநாதன்?" என்றார். தெரியாமல் இருக்க முடியவில்லை என்றேன். அவரே தராசை இறக்கினார். செலினை விளையாட்டுக்கு அந்தத் தராசில் உட்காரவைத்து எடை பார்த்தவர் அவர், இருபத்திரண்டு காத்தி, முப்பது ராத்தல்கூட இல்லை. அதே எடைக்கு அரிசி அளந்து சாக்கில் கட்டிக் கொடுத்தார். நானும் பெர்னார்டும் ஆள் நடமாட்டமில்லாத தோப்பு ரோட்டுக்குப் போனோம். மூட்டையை அதே இடத்தில் நிற்கவைத்து, அவன் அதே மாதிரி கையைப் போட்டுக்கொண்டான். இருபது மைலில் ஓட்டி, சொல்லிவிட்டே பிரேக்கை மிதித்தேன். மூட்டை கையை விட்டுப் பறந்து பலகையில் மோதியது. அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் தெரிந்த சத்தம். இரண்டாம் தடவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான், போய்விட்டது. மூன்றாம் தடவை மூட்டையை மடியில் வைத்து, விரல்களைக் கோத்து, காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மிதிக்கப் போகிறேன் என்று மூன்று எண்ணிவிட்டு மிதித்தேன். அவனுடைய மணிக்கட்டு பிசகிக்கொண்டது, மூட்டை நிற்கவில்லை. சாக்கு கிழிந்து அரிசி வண்டியெல்லாம் கொட்டியது. பெர்னார்ட் கீழே இறங்கிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தான். அடக்கத்தன்றுகூட அழாதவன் அன்றைக்கு அழுதான். வெகுநேரம் கழித்து, "யாராலயும் முடியாதுப்பா" என்றான். அவனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியது. எனக்கு இறங்கவில்லை, ஏற்றி நிற்கவைத்தது நான்.

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல், நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன் என்று நீ சொல்வதை அவர் நம்பக் கூடாது, நீயும் உன்னை நம்பக் கூடாது. மடி என்பது வண்டி ஓடுகிறவரைக்கும்தான் மடி, நிற்கும்போது பிள்ளை தனியாகப் போகும். உன் கடிதம் வந்த மறுநாளே நான் இங்கே மேசை நாற்காலி செய்கிற சீனத் தச்சரிடம் போய், கை வைத்த சிறு நாற்காலி ஒன்று செய்யச் சொன்னேன். முதுகுச் சாய்வு பிள்ளையின் தலைக்கு மேல்வரை வர வேண்டும், சாய்விலும் இரண்டு பக்கத்திலும் தேங்காய்நார் திணித்துத் தைக்க வேண்டும் என்றேன். வார்களைக் குதிரைச் சேணம் தைக்கிறவரிடம் வாங்கினேன். முதலில் இடுப்புக்கு ஒரு வார் மட்டும் போட்டு, நாற்காலியைப் பின் ஆசனத்தில் சும்மா வைத்து, வேறு சாக்கில் அதே எடைக்கு அரிசி மூட்டையைக் கட்டி, நானும் பெர்னார்டும் ஓட்டிப் பார்த்தோம். நாற்காலியும் மூட்டையுமாகச் சேர்ந்தே பறந்து வந்து என் முதுகில் இடித்தது. பிறகு நாற்காலியை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கினோம், அப்போது நாற்காலி நின்றது, மூட்டை இடுப்பில் மடிந்து முன்னால் கவிழ்ந்தது. அதற்கப்புறம்தான் தோள்மேல் இரண்டு வார் ஏற்றினோம். ஏழு தடவை மிதித்தேன், ஏழு தடவையும் மூட்டை இருந்த இடத்தில் இருந்தது. கோவில் வாசலில் சிலர், மரியநாதன் பேரப்பிள்ளையைக் குரங்கு மாதிரி கட்டப் போகிறார் என்று சிரித்தார்களாம். சிரிக்கட்டும். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன், நான் பார்த்தது மூட்டையை வைத்துத்தான். எதிரே லாரி வந்து மோதினால் இந்த நாற்காலி காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியாது, அதனால் மாப்பிள்ளையை மெதுவாகவே ஓட்டச் சொல்.

நாற்காலியைச் சிகாமட்வரை லாரியில் அனுப்பி, அங்கிருந்து ரயிலில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வந்துசேரும். மாப்பிள்ளை அதைப் பின் ஆசனத்தில்தான் பூட்ட வேண்டும், முன்னால் வேண்டாம். போல்ட்டுகள் பையில் தனியாக இருக்கின்றன, பூட்டியபிறகு அவர் தன் முழுப் பலத்தோடு ஆட்டிப் பார்க்கட்டும். இடுப்பு வார் வயிற்றின்மேல் ஏறாமல் தொடைக்கு மேலே இடுப்பெலும்பில் படிய வேண்டும். தோள் வார் கழுத்தில் உரசக் கூடாது, உள்ளே உன் இரண்டு விரல் நுழைகிற இடம் போதும், அதற்குமேல் தளர்த்தாதே. பாசார் பக்கத்தில்தானே என்று ஒரு நாள்கூட விடாதே, செலினுக்கு நடந்தது நாற்பது மைல் ஓடியபிறகு இல்லை. தகர டப்பா, குடைக்கம்பி, பால் புட்டி எதையும் பிள்ளைக்குப் பின்னால் சும்மா போட்டுவைக்காதே, பிரேக் போட்டால் அவையும் பறக்கும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாற்காலியைச் சாக்குச் சுற்றிக் கட்டுவதற்காக முன்கூடத்தில் வைத்திருந்தேன். இன்பராணி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்று குனிந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாராக மாட்டி, இழுத்து, கழற்றி, மறுபடியும் மாட்டிப் பார்த்தாள். இடது பக்கத் தோள் வாரில் தையல் ஒன்று விட்டிருந்தது, எனக்கே தெரியவில்லை. உள்ளே போய்க் கோணி ஊசியும் நூலும் எடுத்துவந்து இரட்டைத் தையலாகப் போட்டுப் பல்லால் நூலை அறுத்தாள். பிறகு நான்கு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"கத்தரினுக்கு எழுதுங்க மாமா. கட்டிப் போட்டா பிள்ள அழும். எவ்வளவு அழுதாலும் அவுத்துடக் கூடாதுன்னு எழுதுங்க. அழுற சத்தம் கேக்குற வரைக்கும் நல்லதுதான்."

அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்றைக்குவரை பேசவில்லை, பேச வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே மேலே எழுதிவிட்டேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், பேரனுக்கு அம்மாவின் முத்தம். நாற்காலி புது மரம், காயக் காயச் சுருங்கும், அதனால் பூட்டி ஒரு வாரம் கழித்துப் போல்ட்டுகளை இன்னொரு தடவை முடுக்க மறக்க வேண்டாம். இதையெல்லாம் படித்துவிட்டு என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடே பதில் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மரியநாதன்