மாப்பிள்ளை எவ்விடம்?

6 மே, செவ்வாய்
நான் படிப்பிக்கும் டண்டினொங் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் காலனி நாடுகள் பற்றிய பாடம். இலங்கையின் மலையில் குளிரும் மழையும் இருந்ததால் வெள்ளைக்காரன் தேயிலை நட்டான். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து லயங்களில், வரிசை அறைகளில், அடைத்தான். வறண்ட யாழ்ப்பாணம் அவனுடைய தோட்டத்துக்குத் தோதில்லை. யாழ்ப்பாணத்தாரான எங்களுக்குப் பள்ளிக்கூடமும் அலுவலகக் கிளாக்கர் வேலையும் வந்தன.

"எல்லாம் மழையாலயா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் வினுஷா, தான் கட்டப்போகிற பெடியனைப் பற்றி: "பிரதீப்பின்ர குடும்பம் டிக்கோயா, அம்மா. எஸ்டேட். அப்பாட்ட நீங்களே சொல்லுங்கோ."

13 மே
பெடியனின் ஊரைப் புருஷனிடம் இன்னும் சொல்லவில்லை. யார் கலியாணம் பேசினாலும் இவர் முதலில் கேட்பது, எவ்விடம்? ஊரை வைத்து ஆளை நிறுப்பார். நான் நிறுப்பதில்லையா?

17 மே
நாளை பிரதீப்பின் தாய் விமலா சாப்பிட வருகிறார். போனில், "இவர் கேட்டால் கொழும்பு எண்டு சொல்லுங்கோ, பிறகு பாப்பம்" என்றேன். "சரிங்க" என்றார்.

18 மே, ஞாயிறு
சோறு போடுமுன்பே, எவ்விடம் என்று இவர் கேட்டுவிட்டார்.

விமலா என்னைப் பார்த்தார். "டிக்கோயாங்க. லயத்துல பொறந்தவ. எங்கம்மா கொழுந்து பறிச்சுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. கொழும்புன்னு சொல்லச் சொன்னாங்க உங்க வீட்டுல. எனக்கு வாய் வரலைங்க."

இவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். வினுஷா என்னைத்தான் பார்த்தாள். "அப்பா நேர கேட்டவர். நீங்கள் மறைக்கப் பாத்தீங்கள்."

22 மே
வினுஷாவுக்கு என்னோடு பேச்சில்லை. பிரதீப்போடு போகப்போகிறாளாம். போனால் திரும்பி வருவாளோ? நான் என்ன கெடுதல் செய்தனான்? வீட்டில சண்டை வரக்கூடாதெண்டு — சீ, பொய். வெட்கப்பட்டனான். அந்த மனுசியின்ர ஊருக்கு நான் வெட்கப்பட்டனான்.

1 ஜூன், ஞாயிறு
செவன் ஹில்ஸிலிருந்து இவருடைய தங்கச்சி போன். விஷயம் சிட்னி வரைக்கும் போயிருக்கிறது. "பெடியன் எவ்விடம் மச்சாள்?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே இவர் கொழும்பு, கொழும்பு என்று வாயசைத்தார். ஹாலில் வினுஷாவின் பெட்டிகள் கட்டியபடி இருந்தன.

"டிக்கோயா" என்றேன். "தேயிலைத் தோட்டம். தாய் லயத்தில பிறந்தவ."

பிறகு எடுக்கிறேன் என்று மச்சாள் வைத்துவிட்டார். இவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

குசினியில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வினுஷாவின் குரல்: "அம்மா, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

ஓம் என்றேன். பெட்டிகள் இன்னும் ஹாலில்தான் இருக்கின்றன.