கழுதைக் கதையும் கீழ்லயத்துக் கூரையும்

ஜூன் 14, சனி

காலையிலிருந்து தூறல். கலஹா பஸ் பேராதனையில் நெடுநேரம் நின்றது. காரணம் கேட்ட ஒருவரை கொண்டக்டர் முறைத்த முறைப்பில் வேறு யாரும் கேட்கவில்லை. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய், நீலப் பேனை.

பிற்பகல் வாசகர் வட்டம். டவுனில் மார்க்கட் பக்கத்து டியூஷன் வகுப்பின் மேல்மாடி. கரும்பலகையில் யாரோ போட்ட முக்கோணம் இன்னும் அழிக்கப்படவில்லை. இந்த மாதப் புத்தகத்தைத் தெரிவு செய்தது நான். உப்புச் சுரங்கத்தில் மூட்டை சுமக்கும் கழுதைகள் முதலாளியை உதைத்துத் துரத்துகின்றன. பிறகு, வரிசையின் முன்னால் நடந்த மணி கட்டிய கழுதை மூட்டை சுமப்பதை நிறுத்துகிறது. அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் சொல்கிறது. மற்றவை முன்னைவிட அதிகம் சுமக்கின்றன. அவ்வளவுதான். புரட்சி பற்றிய உருவகக் கதை என்றால் எல்லாரும் கையில் திணிப்பது இதைத்தான்.

வட்டத்தின் சஞ்சிகைக்கு வாசகர் கருத்துகளைத் தொகுக்கும் வேலை என் தலையில். குறித்துக்கொண்டவை:

சிவநேசன் சேர் (யாழ்ப்பாணம், பேராதனையில் விரிவுரையாளராக இருந்தவர்): "ஓம் பிள்ளை, இது காலங்காலமா நடக்கிறதுதானே. சனம் எப்பவும் உப்பிடித்தான். மேய்க்க ஒராள் வேணும்."

வங்கியில் வேலை செய்பவர், பெயர் மறந்துவிட்டது: சங்கங்கள் எல்லாமே இப்படித்தான், அதனால்தான் அவர் ஒன்றிலும் சேரவில்லை. சொல்லிவிட்டு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பெரிய துண்டைத் தின்றார்.

ஃபஸ்னா (அக்குறணை, பள்ளிக்கூட ஆசிரியை, இந்த ஊரில் நான் மனம் விட்டுப் பேசும் ஒரே ஆள்): "இத எழுதின மனிசனுக்கு கழுதயளப் புடிக்கல்ல புள்ள. பாரேன், மணி கட்டினதுக்கு ஒரு பேரு ஈக்கி, முதலாளிக்கும் ஒரு பேரு ஈக்கி. மூட்ட தூக்கிறதுகள்ல ஒண்டுக்குச் சரி பேரு ஈக்கா?"

சேர் சிரித்தார். "அதுதான் பிள்ளை கலை நுட்பம்."

"எங்கட வீட்ட அதுக்கு வேற பேரு செல்ற சேர்" என்றாள் ஃபஸ்னா.

அறையில் இருந்த எல்லாருக்கும் மணி கட்டிய கழுதை யாரென்று தெரியும். அது தானாக இருக்கலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. மூட்டை சுமப்பதும் தானில்லை என்றே நினைப்பு. எல்லாரும் மேட்டில் நின்று பார்க்கிறவர்கள். நானும் அந்த மேட்டில்தான்.

என் பிரதி கையில் இல்லாமலேயே போனேன். அது சுரேஷிடம். மாமா மகன், பள்ளத்தில் இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில், கீழ்லயத்தில் இருக்கிறவன். "புரட்சி பத்தி ஏதாச்சும் குடு கலை" என்று கேட்டான், கொடுத்தேன். அடுத்த ஞாயிறு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தலைவர் தெரிவு. தொழிலாளர்களுக்காகத் தோட்ட மேலாளரான துரையிடம் போய்ப் பேசும் சங்கத் தலைவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அது அப்பாதான். இந்த முறை எதிர்த்து நிற்பது சுரேஷ்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. உடுப்பு எதுவும் காயவில்லை.

தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். கழுத்தில் மணியும் தோளில் துண்டுமாக ஒரு கழுதை, துரையின் ஆபீஸ் கதிரையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை. கீழே சுரேஷின் குரல் பதிவு: "சுமக்கிற கழுத யாரு, சுமக்காத கழுத யாருன்னு ஞாயித்துக்கெழம பாத்துக்குவோம்." சிரிக்கும் முகங்கள் வரிசையாக. என்னோடு படித்த பிள்ளைகளும்.

படத்துக்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் அப்பா துரையோடு பேசப் போனபோது கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் ஜன்னலால் பார்த்தார்கள். முந்திய தலைவர்கள் வாசலில் நின்றுதான் பேசினார்களாம். அப்பா உட்கார்ந்திருந்தார்.

அம்மா படத்தைப் பார்த்துவிட்டார். அடுப்புக்கு முன்னாலிருந்து திரும்பாமலே:

"ஒன்னோட பொஸ்தகந்தானே இது?"

"கதைம்மா அது. நம்மளப் பத்தி இல்ல."

"படிச்ச புள்ள படிச்ச வேலையப் பாத்துருக்கு. அப்பன கழுதையாக்கி ஊருக்கு அனுப்பிருக்கு."

"நான் அனுப்பல."

"கத்திய குடுத்தவ கையில ரத்தம் இருக்காது. நல்லா கழுவிக்க."

மத்தியானச் சோறு என் தட்டில் மட்டும் சத்தமாக விழுந்தது.

அப்பாவும் பார்த்திருப்பார். குழுவில் அவரும் இருக்கிறார். வெளியே போய் வாழைக்கு முட்டுக் கொடுத்தார். விழாத வாழைக்கு.

ஜூன் 17, செவ்வாய்

வெயில் கொஞ்சம். வேலைக்குப் போனேன். பாமசியில் இருமல் மருந்துக்கு நீண்ட வரிசை.

கடை முதலாளி பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைச் சிங்களத்தில் படித்தாராம். தெரிந்த தமிழில் சொன்னார்: "அது ஜனாதிபதிய துரத்தின நம்ம போராட்டக்காரங்க கத, நோனா. பெற்றோல் வரிசையில நானும் நின்னது, கத்தினது. கடைசி என்னா? வேற ஆளு, அதே சாமான் வெல." பிறகு என்னை மேல்தட்டைத் துடைக்கச் சொன்னார். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் எதில் படித்தாலும் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: கத்தியது வீண். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு வரும் கோபம் இதுதான். சும்மா இருந்தவனைப் புத்திசாலியாக்கி விடுகிறது.

ஆனாலும் இதை இங்கே எழுதாமல் விடக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தின் மூலம் கூரைத் தகரம் வந்தது. ஒழுகுவது கீழ்லயம். எல்லா வீட்டுக்கும் போதாது. முதல் தகரம் எங்கள் வீட்டுக்கு. எங்கள் வீடு அவ்வளவு ஒழுகவில்லை. "கூட்டம் நடக்கிற வீடு, சங்கத்து பேப்பரெல்லாம் நனைஞ்சிரும்" என்றார் அப்பா. நியாயம். அதே குரலில், அதே நிதானத்தில், மணி கட்டிய கழுதை சொல்வதும் இப்படியான நியாயங்கள்தான். கீழ்லயத்தில் மாமா வீட்டில் இன்றைக்கும் சட்டி வைத்துத்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். நான் புத்தகத்தைப் படித்தது நனையாத கூரையின் கீழே.

ஃபஸ்னாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப படம் பொய்யில்ல."

"பொய்யில்ல."

"ஆனா ஒனக்கு ஆத்திரம் வருது."

"வருது."

"எனக்கும் வரும். எங்கட வாப்பாவ நான் ஏசுவன். வேறொருத்தன் ஏசினா அவன்ட பல்லு ஈக்காது."

ஜூன் 19, வியாழன்

பனிமூட்டம். வேலை முடிந்து வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து சப்பாத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கலை, அந்தப் பொஸ்தகம் இருக்கா?"

"சுரேஷ்கிட்ட."

"அவன்கிட்ட போயி நான் கேக்க ஏலாது. சொல்லு. என்னா கதை?"

சொன்னேன். எதையும் பூசி மெழுகாமல். உதைத்துத் துரத்தியது, மணி, மூட்டை, நியாயங்கள். உள்ளே அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்று நின்று வந்தது.

அப்பாவின் கருத்து (வட்டத்துக்கு அல்ல): "அந்தக் கழுத முன்னால நடந்ததுனால மத்ததுக்கு ஒண்ணுமே கெடைக்கலியா?"

"கதையில இல்லப்பா."

"அப்ப அது பொய்க் கதை. நான் தொரகிட்ட பேசித்தான் கைப்பிள்ளைங்கள விடுற பிள்ளைக்காம்பராவுக்கு தண்ணி வந்துச்சு. வேலையில இருந்து நிப்பாட்டின பெண்டுகளுக்கு திரும்ப வேலை வந்துச்சு. தொர கதிரைய காட்டினா என்னா செய்ய? உதைக்கவா?" குரல் உயர்ந்தது. "நின்னுக்கிட்டு பேசினா கெஞ்சிறேன்னுவானுங்க. ஒக்காந்தா வெல போயிட்டேன்னுவானுங்க."

தகரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உள்ளே இருந்து அம்மா: "அதுல ஒரு கழுதைக்குக்கூட பொஞ்சாதி இல்லையா?"

"இல்லம்மா."

"அதான் கண்டமேனிக்கு ஆடியிருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், பிறகு வெட்கமாக இருந்தது.

ஜூன் 21, சனி

லீவு. தலையிடி. புத்தகத்தை வாங்கக் கீழ்லயம் போனேன். சுரேஷ் இரண்டு பையன்களோடு வாசலில். என்னைக் கண்டதும் ஒருவன் "மணிச் சத்தம் கேக்குதுடா" என்றான்.

"பொஸ்தகத்த தா."

"முடிச்சிட்டேன். நல்ல பொஸ்தகம். ஆனா கடைசி சரியில்ல. எல்லாக் கழுதையும் சும்மா நின்னு பாக்குது. நாங்க பாக்க மாட்டோம்."

"அப்பா மொகத்துக்கு நேர கேட்டிருக்கலாம். படம் கீறி அனுப்பிறது என்னா வீரம்?"

"மொகத்துக்கு நேர மூணு தடவ கேட்டேன். 'அடுத்த தகரம் வரட்டும்'னு மாமா சொன்னாரு." உள்ளே கையைக் காட்டினான். சட்டியில் சொட்டும் சத்தம். "நீ இத எனக்கு எதுக்கு குடுத்த கலை? சும்மாவா? அப்பனப் பத்தி ஒன்னால சொல்ல ஏலாதத நான் சொல்லுவேன்னுதானே?"

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். அட்டை ஈரத்தில் ஊதிப் போயிருந்தது.

சஞ்சிகைக்கு ஒரு வரியும் எழுதவில்லை. "சனம்" என்று சேர் சொன்ன சொல்லை மூன்று தரம் எழுதி மூன்று தரம் வெட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூட்டம். எனக்கு ஓட்டு இல்லை, நான் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி இல்லை. அம்மாவுக்கு உண்டு. மதில் ஓரத்தில் நின்று பார்த்தேன்.

இங்கே வாக்குச்சீட்டு கிடையாது. போட்டியிடுகிறவர்கள் தள்ளித் தள்ளி நிற்பார்கள். வேண்டியவருக்குப் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்க. இதனாலேயே பலர் யார் வரிசை நீளம் என்று பார்த்துவிட்டுத்தான் காலெடுப்பார்கள். முதல் காலெடுப்பவருக்குத்தான் தைரியம் வேண்டும்.

அப்பா தோளில் துண்டோடு. சுரேஷ் புதுச் சட்டையில். நடுவில் சிமெந்துத் தரை, ஒருவரும் இல்லை. சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் இருந்து வந்தவர் "வாங்க, வாங்க, யாருக்கு விருப்பமோ" என்றார். ஒருவரும் அசையவில்லை. பையன்கள்கூட. கேலி செய்வது வேறு, அப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு கடப்பது வேறு.

அம்மா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் அப்பா பக்கம் பார்த்தார்கள். அப்பாவும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அம்மா நேரே போய் சுரேஷின் பின்னால் நின்றார்.

சுரேஷ் பல்லைக் காட்டினான். "வாங்க அத்த."

"இளிக்காத. ஒன் மூஞ்சிக்கு வரல நான்." எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஒழுகிற வீட்டுக்கு மொதல்ல தகரம். ஒன் வீட்டுக்கு கடைசியா. இல்லாட்டி இதே காலு அந்தப் பக்கமும் நடக்கும். என் பேரு செல்லம்மா. ஞாபகம் வச்சுக்க."

அதற்குப் பிறகு கீழ்லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் நின்றவர்களும் இருந்தார்கள், குறைவில்லை. ஆனால் போதவில்லை.

அப்பா சங்கப் பெட்டியின் சாவியை சுரேஷிடம் கொடுத்தார். கை கொடுத்தார். ஒழுங்காகவே செய்தார். நான் பயந்தது போல ஒன்றும் கத்தவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, பொன்னாங்காணி. மூவரும் சேர்ந்தே உட்கார்ந்தோம்.

அப்பா தட்டைப் பார்த்தபடி: "வீட்டுலயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா: "ரெண்டு வருஷமா சொன்னேன். நீங்க சங்கத்துக்குப் போயிருந்தீங்க."

அப்பா இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.