விழாத பிள்ளை

அன்புள்ள விக்டோரியா அக்காவுக்கு,

மைசூரிலிருந்து ரெபேக்கா எழுதுவது. ஓசூரில் நீங்களும் அண்ணாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா தூங்கிவிட்டார். எழுந்து வந்தால் கணக்கு போடுகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் அப்பாவுக்கு ஹெப்பாள் ஃபேக்டரியில் வேலை போய்விட்டது. குடிக்கவும் ஆரம்பித்துவிட்டார். சபையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று, அம்மா நம் பாஸ்டரிடம் மட்டும் சொல்லி அழுது, ஜெபிக்கக் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அந்த ஞாயிறே பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில், "இங்க ஒரு குடும்பம். தகப்பனுக்கு வேலை போச்சு, பாட்டில் வீட்டுக்குள்ள வந்துடுச்சு. ஆண்டவர் எனக்குக் காட்டுறார்" என்றார். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அம்மாவும்தான். "அம்மாதானே உங்ககிட்ட சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் முன்வரிசையில் இருந்தோம்.

அன்றிலிருந்து எனக்குள் எதிர்த்துப் பேசும் ஆவி இருக்கிறதாம். என் போனையும் வாங்கி வைத்துக்கொள்ளும்படி பாஸ்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். வாராவாரம் முன்னால் கூப்பிட்டுத் தலையில் ஜெப எண்ணெய் ஊற்றிக் கை வைக்கிறார். எண்ணெய் புருவத்தில் வழிகிறது. ஆவி போனால் பின்னால் விழுவோமாம். யாரும் தானாக விழுவதில்லை அக்கா. அவர் நெற்றியைப் பிடித்துத் தள்ளுகிறார். எனக்குக் கழுத்து இன்னும் வலிக்கிறது. தாங்கிப் பிடிக்க இரண்டு ஆண்ட்டிகள் பின்னால் தயாராக நிற்கிறார்கள். நான் காலை ஊன்றி நிற்கிறேன். அடங்காத ஆவி என்று அதையும் மைக்கில் சொல்கிறார். சோப்பு போட்டுக் கழுவினாலும் அந்த எண்ணெய் வாசனை போகவில்லை. இரவில் ஜெபிக்கக் கண்ணை மூடினாலும் அதுதான் வருகிறது.

வரும் ஞாயிறும் விழாவிட்டால், ஹனூர் பக்கம் உள்ள, பட்டினி போட்டு ஜெபிக்கும் உபவாச வீட்டில் கொண்டுபோய் விட வேண்டுமாம், விழும்வரை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை வருகிறதே என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சும்மா விழுந்துடு கண்ணு. நான்கூட அப்படித்தான்" என்றார்.

அம்மாவுக்கும் தெரியும் அக்கா.

சண்டே ஸ்கூலில் நீங்கள், ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தலையில் கை வைப்பீர்கள். கனமே இருக்காது. உங்களிடம் சொன்னது எதுவும் வெளியே வந்ததில்லை. பெருமை பிடித்துச் சபையை விட்டுப் போனீர்கள் என்று பாஸ்டர் சொன்னார். நாங்களும் நம்பினோம். உங்களையும் விழச் சொன்னார்களா?

என்னோடு படிக்கும் காவேரியின் அப்பா ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கு முன்னால் அம்மாவிடம் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். முடிந்தால் நேரில் வாருங்கள். நான் எழுதியதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக. எனக்காக ஜெபியுங்கள் அக்கா. யாருக்கும் கேட்க வேண்டாம், மனதுக்குள்ளேயே போதும்.

உங்கள் சண்டே ஸ்கூல் பிள்ளை,
ரெபேக்கா