கையெழுத்துப் போடாதவள்

காஜா பெராங், மலாக்கா
18 பிப்ரவரி 1957

அன்புள்ள சீதாவுக்கு,

கல்யாணப் பந்தலைப் பிரித்தாயிற்று. நீயும் தம்பிராஜா அண்ணனும் கோலப்பிலாவிலிருந்து கைக்குழந்தையோடு வந்து நின்றது எனக்கு எவ்வளவு பெரிய பலம் தெரியுமா? இவர் நல்ல மாதிரிதான். பஸ் கம்பெனி வேலை முடிந்து வந்தால் தேங்காய் துருவித் தருகிறார். கருணாகரன் என்று பெயர் சும்மா வைக்கவில்லை.

விஷயம் வேறு. இன்று பள்ளிக்கூடம் போனேன். பெரிய வாத்தியார் நல்லையா கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“வாழ்த்துகள் டீச்சர். இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க. இனிமே நீங்க தற்காலிக டீச்சர்.”

“ஏன் சார்?”

“கல்யாணமான பொம்பளைங்களுக்கு அதான் சட்டம். வருசக் கடைசியிலே வேலை முடிஞ்சிரும். வேணும்னா ஜனவரியிலே திரும்ப எடுப்பாங்க. பிள்ளை பெத்தா சம்பளத்தோட லீவு கிடையாது.”

“நான் என்னா தப்பு செஞ்சேன்?”

“தப்பா? கல்யாணம்தானே செஞ்சீங்க!” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே முகூர்த்தத்தில்தான் இவருக்கும் கல்யாணம் ஆனது. இவர் கம்பெனியில் யாரும் இவரைத் தற்காலிகம் ஆக்கவில்லை. தாளை மேசையிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

உனக்கும் இப்படித்தான் நடந்ததா? ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையே. உடனே எழுது.

அன்புடன்,
கமலவேணி

*

கோலப்பிலா
2 மார்ச் 1957

அன்புக் கமலாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்து, துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆமாம். எனக்கும் நீட்டினார்கள். போட்டேன். எல்லோரும் போடுகிறார்கள் என்று நினைத்தேன். மகள் பிறந்தபோது வேலை போய்விடும் என்ற பயத்தில் உடம்பு தேறும் முன்பே பள்ளிக்குப் போய்விட்டேன். நான்காம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தபோது பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடத்தை முடித்தேன். “டீச்சர், ஏன் எங்களைப் பாக்க மாட்டேங்கிறீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த கணக்கை எழுதிப் போட்டேன்.

இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். கையெழுத்துப் போடு என்று சொல்ல மனம் வரவில்லை. போடாதே என்று சொல்லத் தைரியம் வரவில்லை. சாப்பாட்டைக் கவனி. பேனாவைப் பிடித்தால் கோபத்தையே எழுதாமல் உன்னைப் பற்றியும் எழுது.

பிரியமுள்ள,
சீதா

*

காஜா பெராங்
9 ஜூன் 1957

அன்புள்ள சீதாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் அழுதேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மலாய்ப் பள்ளிக்கூடத்து ஸஹாரா டீச்சர் வீட்டுக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லாமல் உன் கதையைச் சொன்னேன். “மானா போலே!” என்று எழுந்து நின்றுவிட்டார். இது எங்கேயாவது நடக்குமா என்கிறார்; ஆனால் அவருக்கும் அதே கதைதான்! சீனப் பள்ளிக்கூடத்து மிஸ் லிம்மை அவர்தான் அழைத்து வந்தார். அவர் மிஸ் இல்லை, சீதா. கல்யாணம் ஆனவர். வேலை போய்விடும் என்று புருஷனை மூவாரிலேயே விட்டுவிட்டு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்னிப்பெண் மாதிரி வாழ்கிறார். பஸ்ஸில் இருவரும் தெரியாதவர்கள்போல் தனித்தனியே உட்காருவார்களாம்.

இப்போது ஞாயிறுதோறும் என் வீட்டுக் கூடம் நிறைந்துவிடுகிறது. தமிழும் மலாயும் கலந்துதான் பேச்சு. இவர் தேநீர் கலக்குகிறார். கல்வி இலாகாவுக்கு மனு எழுதிவிட்டோம்.

பெரிய வாத்தியாருக்குச் செய்தி போய்விட்டது. “நாடே சுதந்திரத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க சொந்த விஷயத்தைத் தூக்கிக்கிட்டு வர்றீங்களே டீச்சர்?” என்றார்.

“நானும் அந்த நாட்டுலதான் சார் இருக்கேன்,” என்றேன்.

மனுவில் உன் பெயரும் வேண்டும். அண்ணன் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தையும் எங்களோடு நிற்கச் சொல்.

உன் கமலா

*

கோலப்பிலா
1 ஜூலை 1957

அன்புள்ள கமலாவுக்கு,

அவரிடம் கேட்டேன். “முதல்ல சங்கத்தோட பொதுவான கோரிக்கை முடியட்டும். பொம்பளைங்க விஷயம் பிறகு,” என்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் அவருக்குச் சங்கத்தில் தலைகுனிவாம்.

என் பெயர் வேண்டாம், கமலா. கோபித்துக்கொள்ளாதே.

சீதா

*

காஜா பெராங்
8 செப்டம்பர் 1957

சீதா,

சுதந்திரம் வந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு திடல்வரை நடந்தார்கள். தொண்டை கிழிய “மெர்டேக்கா” என்று கத்தினேன். பொய்யாகக் கத்தவில்லை.

அந்த வாரமே இலாகாவின் பதில் வந்தது. விதியை மாற்ற முடியாதாம். கையெழுத்துப் போடாததால் டிசம்பரோடு எனக்கு வேலை இல்லை. நான் முழுகாமல் இருக்கிறேன். ஜனவரியில் பிரசவம். பெரிய வாத்தியாரே வருத்தப்பட்டு, “இப்பவாவது போட்டுருங்க டீச்சர், வயித்துப் பிள்ளையை நினைங்க,” என்றார். “அதை நினைச்சுத்தான் சார் போடல. பொண்ணாப் பொறந்தா என்னா பண்றது?” என்றேன்.

ஸஹாராவும் மிஸ் லிம்மும் அடுத்த மனுவைத் தொடங்கிவிட்டார்கள். லிம் மோதிரத்தைப் போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போகிறார்!

அண்ணனின் ‘பிறகு’ எப்போது என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த விஷயமாக இனி உனக்கு எழுதவும் மாட்டேன். நீ பட்ட பாட்டைச் சொன்னதால்தான் நான் எழுந்தேன். நீ மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாய். அது என்னால் தாங்க முடியவில்லை.

கமலவேணி

*

கோலப்பிலா
16 டிசம்பர் 1957

என் கமலாவுக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதிலும் நியாயம் இருக்கிறது.

சனிக்கிழமை சிரம்பானில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அவர் மேடையில். பெண்கள் நாங்கள் கடைசி வரிசையில். எல்லாத் தீர்மானமும் முடிந்து, “வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா?” என்று அவரே கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். நான் எழுந்துவிட்டேன்.

பால் கட்டிய கதையைச் சொன்னேன். ரவிக்கை என்ற சொல்லை அந்த மண்டபத்தில் சொன்னேன், கமலா! முன்வரிசையில் ஒருவர், “இதெல்லாம் சபையிலே பேசுற பேச்சா?” என்றார். “வகுப்புல நடந்ததைத்தான் பேசுறேன். நீங்களும் வாத்தியார்தானே?” என்றேன். எனக்குப் பக்கத்தில் வயதான ஒருவர், ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், எழுந்து நின்றார். பிறகு இன்னும் சிலர். நான் முடிக்கும்வரை நின்றார்கள்.

ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டோம். நன்றாகவே தோற்றோம்.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றும்போது, “இவ்வளவு நாளா ஏன் என்கிட்ட சொல்லல?” என்றார்.

“பிறகு சொல்லலாம்னு இருந்தேன்,” என்றேன்.

முகம் செத்துப்போயிற்று. இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

ஜனவரியில் அந்தத் தாளை எனக்கும் நீட்டுவார்கள். போட மாட்டேன். வேலை போனால் போகட்டும். உங்கள் புது மனுவில் என் பெயரை முழுதாக, பள்ளியின் பெயரோடு எழுது. அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சரும் சேர்க்கச் சொன்னார். அவர் பெயர் தெய்வானை.

பிரசவத்துக்கு உன் அம்மா வருவார் என்று தெரியும். இருந்தாலும் பொங்கலுக்கு முன்பே நானும் மகளும் பஸ் ஏறுகிறோம். வராதே என்று சொன்னாலும் வருவேன். வந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தேநீரை வழக்கம்போல உன் வீட்டுக்காரரே கலக்கட்டும். எனக்கு ஒரு நாற்காலி போடு.

சீதா