மூடப்பட்ட கேள்வி

என் அன்புக் கணவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது. போனில் பேசலாம்தான். பாதியிலேயே "இரு, குழுவுல ஒரு பஞ்சாயத்து" என்று போய்விடுவீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன வாரம் அத்தை நம் கட்டடத்து லிஃப்டில் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். உள்ளே விளக்கும் அணைந்துவிட்டது. காவலாளியைக் காணோம், லிஃப்ட் கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. போனில் கிடைக்காத மனுஷன் எங்கே கிடைப்பார் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள் இணையக் குழுவில் ஏதோ ஒரு பெயரில் சேர்ந்தேன். வயதான அம்மா ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார், என்ன செய்வது என்று கேட்டேன்.

பதில் உடனே வந்தது. "மாடல் எண் இல்லாத கேள்வி. புதியவர்கள் விதிகளைப் படித்துவிட்டு வரவும்." கேள்வியை மூடியாயிற்று, இனி யாரும் அதற்குப் பதில் சொல்லக் கூடாதாம். மூடியவர் பெயர் உங்களுடையது, பக்கத்தில் ஐந்து நட்சத்திரம். உங்களுக்குத் தனியாக எழுதப் பார்த்தேன். நட்சத்திரக்காரர்களுக்குப் புதியவர்கள் எழுத முடியாதாம்.

அப்போது "கிரீஸ் டப்பா" என்று ஒருவர் எனக்கு எழுதினார். அவருக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. "அம்மாகிட்ட கதவைத் தள்ள வேணாம்னு சொல்லுங்க, தரையில உக்காரச் சொல்லுங்க. நீங்களும் திறக்காதீங்க, தீயணைப்புக்குப் போன் போடுங்க" என்றார். அத்தை அதுவரை நகத்தால் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். திறந்து இறங்கப் பார்த்திருந்தால் கீழே லிஃப்ட் குழிதான். நான் வெளியே நின்று கத்திச் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார். தீயணைப்பு ஆட்கள் வரும்வரை அந்த மனிதர் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நன்றி சொல்லத் தேடினேன், அவர் குழுவிலேயே இல்லை. மூடிய கேள்விக்குப் பதில் சொன்ன குற்றத்துக்காக நீக்கிவிட்டீர்களாம். நன்றாயிருக்கிறது உங்கள் நியாயம்.

ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தீர்கள். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் திட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தீர்கள். பதில் சொல்பவருக்கு விளையாட்டாக ஒரு நட்சத்திரம் என்றீர்கள். பிறகு நட்சத்திரம் உள்ளவர் மற்றவர் கேள்வியை மூடலாம் என்றாயிற்று. அப்புறம் உங்களுக்கென்று ஒரு தனி அறை. அங்கே யாராவது லிஃப்டைப் பற்றிப் பேசுகிறீர்களா? யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்பதுதானே பேச்சு.

அந்த மனிதரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். மன்னிப்பும் கேளுங்கள், குறைந்துபோக மாட்டீர்கள்.

அத்தைக்கு விரல் நுனியெல்லாம் கட்டு. சோறு நான்தான் ஊட்டுகிறேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரே கேள்வி: "எம்புள்ளகிட்ட கேட்டிருந்தா ஒரு நொடியில வழி சொல்லியிருப்பானே, நீ ஏம்மா அவனைக் கேக்கல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். என்னை மறதிக்காரி என்று அவர் திட்டுவதை நான் தாங்கிக்கொள்வேன். நீங்கள் இன்றைக்காவது அவருக்குப் போன் செய்யுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி