பானெட் போட்ட சலாம்

பக்கத்து வீட்டில் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து டர்பன்டைன் வாசனை சமையலறைவரை வந்து நிற்கிறது. காப்பியில்கூட அதுதான் மணக்கிறது. இந்த வாசனையில் மற்றவர்களுக்கு எதெது நினைவுக்கு வருமோ தெரியாது. எனக்கு நீங்கள்தான் வருகிறீர்கள், கையில் பிரஷ்ஷும் முழங்கைவரை பச்சையுமாக. அழைக்காமலே வந்துவிட்டீர்கள். வந்ததும் நல்லதுதான். உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஜீப்பின் பானெட் கொக்கிகளை மாற்றிவிட்டேன். இரண்டு பக்கமும்.

உங்கள் காரியம் முடிந்த கையோடு உங்கள் தம்பி முரளி, வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணி, வண்டி சும்மா நின்னா துரு புட்ச்சிடும். என்கிட்ட உட்ருங்க, நான் பாத்துக்கறேன்."

"ஏன், நான் ஓட்டக்கூடாதா?"

அவர் சிரித்தார். உங்கள் சிரிப்பேதான், அதே ஏற்ற இறக்கம். "நீங்க எடுத்தா பானெட்டு எழுந்து நின்னு சலாம் போடும், அண்ணி. அண்ணன் சொல்லிகினே இருப்பாரே!"

துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் வாக்கியம் போகவில்லை. அதையும் வழியனுப்பாமல் நான் கண்மூடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் குறுக்கிட முடியாத முதல் சந்தர்ப்பம் இது.

ராணுவ ஏலத்தில் அந்த ஜீப்பை நீங்கள் எடுத்தபோது எனக்கு வண்டியோட்டத் தெரியும் என்பது உங்களுக்கு ஒரு பெருமையாகத்தான் இருந்தது. மகளிர் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் மனைவி, கல்யாணத்துக்கு முன்பே தகப்பனார் காரில் ஓட்டிப் பழகி உரிமம் வாங்கியவள். நண்பர்களிடம் சொல்லிக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் கையில் அலறிய கியர் என் கையில் அலறவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்கள். நீங்கள் கவனித்ததை நானும் கவனித்தேன்.

வண்டி வந்து சில ஆண்டுகள் கழித்து, உங்கள் சிநேகிதர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு இருவரும் பட்டாபிராம் கிளம்பினோம். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, பானெட்டை மூடி, இருபுறமும் கொக்கியை மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டும் தட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். நீங்கள் வாசலில் சட்டைக்கையை மடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ராணுவச் சரக்கு ரயில் பாதையை ஒட்டிய சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பானெட் எழும்பிக் கண்ணாடிமேல் அறைந்தது. எதிரே பச்சை இரும்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஸ்டியரிங்கை அசைக்காமல், பக்கவாட்டில் தலையை நீட்டிச் சாலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு, பிரேக்கை நிதானமாக மிதித்து நிறுத்தினேன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நீங்கள் இறங்கி, பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி என்னைக் கேட்டீர்கள்.

"இன்னா, கொக்கி மாட்டினியா இல்லியா?"

"மாட்டினேன். நீங்களும் பாத்தீங்களே."

"மாட்டியிருந்தா எப்படி தொறக்கும்?"

கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "லேடீஸ் ஓட்டினா இப்டித்தான் சார். பானெட்டே எழுந்து நின்னு சலாம் போடுது பாருங்க!"

நீங்கள் அவனோடு சேர்ந்து சிரித்தீர்கள். உங்கள் கற்பனை என்று எல்லோரும் புகழ்ந்த அந்த வாக்கியம்கூட உங்களுடையது அல்ல, டீக்கடையில் கிடைத்தது. திரும்பும்போது நீங்கள் ஓட்டினீர்கள். சாவி உங்கள் பைக்குள் போயிற்று. பிறகு அது என் கைக்கு வரவேயில்லை. நான் கேட்கும்போதெல்லாம், "உனக்கெதுக்கு அந்த ரிஸ்க்கு?" என்று கனிவாகச் சொல்வீர்கள். அந்தக் கனிவைத்தான் என்னால் சகிக்க முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு ஆயுதபூஜை தவறாமல் அந்தக் கதை நடந்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் உங்களோடு வேலை பார்த்த நண்பர்கள் நம் கோவில்பதாகை வீட்டுக்கு வருவார்கள். நான் பொரியும் சுண்டலும் எடுத்து வருவேன். நீங்கள் தொடங்குவீர்கள். ஓராண்டு நான் அலறியதாகச் சேர்த்தீர்கள். இன்னோராண்டு அழுததாகச் சேர்த்தீர்கள். நான் அலறவும் இல்லை, அழவும் இல்லை, வண்டியை நிறுத்தினேன். அந்த ஒன்றுதான் உங்கள் கதையில் ஒருபோதும் வரவில்லை.

கொக்கிகளை மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் மறுத்தீர்கள். "மிலிட்டரி ஒரிஜினல். அதுல கை வெக்கக்கூடாது" என்பீர்கள். ஒரிஜினல் என்றால் பெயிண்ட்டுக்கு அடியில் எங்கோ. வண்டி வந்த ஆண்டிலிருந்தே பூஜைக்கு முன்தினம் ஜீப் முழுவதும் பச்சை அடிப்பது உங்கள் நேர்த்திக்கடன். முந்தைய ஆண்டு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருக்கும். அவற்றைச் சுரண்டிவிட்டு அடியுங்கள் என்று சொன்னேன். "சாமிக்கு வெச்சத சுரண்டுறதா? நீ படிச்சவதானே?" என்று கேட்டுவிட்டு அதன்மேலேயே அடித்தீர்கள். உங்கள் தொழிற்சாலையில் ஒரு டாங்கிக்கு அப்படிப் பூசியிருந்தால் உங்களை வெளியே நிறுத்தியிருப்பார்கள். வீட்டு வாசலில் அது பக்தி.

முரளி கேட்ட மறுவாரம், பட்டாபிராமில் பட்டறை வைத்திருக்கும் சேகரை வரச்சொல்லி ஜீப்பை எடுத்துப் போகச் செய்தேன். பின்னாலேயே நானும் ஆட்டோவில் போனேன். மட்கார்டில் இருக்கும் கொக்கி, பானெட்டின் ஓரத்தில் உள்ள இரும்புக் காதைப் பற்றி இழுத்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. சேகர் கொக்கிகளையும் காதுகளையும் கழற்றி, கொக்கிகளை என் கையில் வைத்தார்.

"இன்னா டீச்சரம்மா இது, கொக்கியா கொழுக்கட்டையா?"

அப்படித்தான் உப்பியிருந்தது. கொக்கிகளை மட்டும் தின்னர் ஊற்றி ஊறவைக்கச் சொன்னேன். பச்சை உரிந்தது, மஞ்சள் உரிந்தது, மறுபடி பச்சை, மறுபடி மஞ்சள். உங்கள் ஆயுதபூஜைகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் கரைந்தன. அதே அடுக்குகள் காதின் துளையையும் அடைத்திருந்தால் கொக்கியின் நுனி உள்ளே முழுதாக இறங்காது, மாட்டிக்கொண்டது போலச் சத்தம் மட்டும் கேட்கும், ஒரு பள்ளம் போதும் கழன்றுவிட. அது எனக்குப் புரிய நேரமாகவில்லை. ஆனால் வலப்பக்கக் காதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சேகர் வேறொன்று சொன்னார்.

"இத்த பாருங்கோ. சுத்திலும் பெயிண்ட்டு கட்டிகீது. ஓட்டைல மட்டும் யாரோ அரம் போட்டு ராவிகீறாங்க. ராவிட்டு, மேல லேசா ஒரு கோட்டு அட்ச்சு மறச்சுகீறாங்க."

வாங்கிப் பார்த்தேன். அத்தனை அடுக்குகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு இரும்புவரை இறங்கிய அரத்தின் கோடுகள். இடப்பக்கக் காதிலும் அப்படியே. சாமிக்கு வைத்ததைச் சுரண்டாத மனிதர், தேவையான இடத்தில் மட்டும் சுரண்டியிருந்தார்.

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வாரமே கண்டுபிடித்து, பிறகு ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்ததும் துளையை மட்டும் ராவியிருப்பீர்கள், நீங்கள் கெட்டிக்கார எஞ்சினியர்தானே. புதுக் கொக்கி போட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். ராவிவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ராவிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே வந்து, என்னிடம் காப்பி கேட்டிருப்பீர்கள். நானும் கொடுத்திருப்பேன்.

புதுக் கொக்கிகளும் காதுகளும் பளபளவென்று ஏறின. "வண்டி கலருக்கே ஒரு கோட்டு அட்ச்சுடட்டா?" என்றார் சேகர்.

"பிரஷ்ஷ எடுத்தீங்கன்னா கைய ஒடிச்சிடுவேன்."

"யப்பா! சரி, சாவி குடுத்தனுப்பறேன், யாரு வந்து எடுப்பாங்க?"

"யாரு வரணும்? நான் என்ன நடந்தா வந்தேன், நடந்து போக?" என்று சாவியை வாங்கிக்கொண்டு ஏறினேன். கியர் முதலில் முரண்டியது, பிறகு என்னை ஏற்றுக்கொண்டது. ஆவடி நெரிசலைத் தாண்டிக் கோவில்பதாகைவரை பானெட் அசையவில்லை.

இந்த ஆயுதபூஜைக்கும் உங்கள் நண்பர்களை அழைத்தேன், முரளியையும். பூஜைத் தட்டில் ஸ்பானர், சுத்தியலுக்கு நடுவே அந்த இரண்டு காதுகளையும் வைத்துப் பொட்டும் வைத்தேன். சுண்டல் சாப்பிட்டு முடித்ததும் முரளி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி, அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். காதுகள் கைக்குக் கை மாறின. வாழ்நாளெல்லாம் இரும்போடு இருந்தவர்களுக்கு அரத்தின் தடத்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் நெருங்கிய சிநேகிதர்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"கோடு எந்தப் பக்கமா சாயுதுன்னு பாருங்க. பீச்சாங்கை! நம்மாளுதாம்பா இது!"

அவர்கள் கூட்டத்தில் இடதுகைக்காரர் நீங்கள் ஒருவர்தான். கூடமே அதிர்ந்தது அந்தச் சிரிப்பில். முரளி மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த காதைத் தட்டில் திருப்பி வைத்தார். பிறகு, "அப்ப அண்ணன் இத்தினி நாளு நம்மள ஏமாத்திகினு..." என்று இழுத்தார்.

"உங்களை இல்ல" என்றேன். கிளம்பும்போது அவர் ஜீப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் தயங்கி நின்று, "அண்ணி, போற வழில ஸ்டேஷன்ல உட்ருங்களேன்" என்றார். பக்கத்து இருக்கையில் ஏறி அடக்கமாக உட்கார்ந்தார்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் சிரித்தபோது நான் பழக்கதோஷத்தில் உங்கள் நாற்காலியைப் பார்த்தேன். அதில் யாரோ உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் கழுத்து சிவப்பதை, நீங்கள் தொண்டையைச் செருமிப் பேச்சை மாற்றப் பார்ப்பதை, முடியாமல் என் பக்கம் திரும்புவதை நான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். உங்கள் சாவுக்கு நான் அழவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அன்று அத்தனை சிரிப்புக்கு நடுவே, நீங்கள் இல்லையே என்று எனக்கு முதன்முறையாக அழுகை வந்தது. பொய்க்கதையை மன்னிக்கலாம், சாவியைக்கூட மன்னிக்கலாம். நான் ஜெயித்த நாளில் எதிரே உட்காராமல் செத்துத் தப்பித்துக்கொண்டீர்களே, அதை மட்டும் மன்னிப்பதாக இல்லை.